கேரவனுக்கு எந்தப் பாத்திரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி வீடுதான் கேரவன். 18 அடியில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. தெரிந்தவர்கள் யாராவது புதிதாகக் கேரவன் வாங்கினால் பிரேக் பற்றியும் டயர் பற்றியும்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. "குக்கர் எடுத்துட்டுப் போறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அப்படி வந்தவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியச் சாலையும், சோறு குழம்பு இல்லாமல் மூன்று நாள் தாண்டாத குடும்பமும் மனதில் இருக்கட்டும்.

கடையில் கேம்பிங் செட் என்று ஏழெட்டுப் பாத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி விற்கிறார்களே, அதை வாங்கினால் போதாதா?

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டில் என்னென்ன சமைக்கிறீர்கள், எதில் சமைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பயணத்தில் அதில் பாதிதான் சமைப்போம். அந்த செட்டெல்லாம் பாஸ்தா வேகவைத்து, முட்டை பொரித்து, சாஸ் சூடாக்குகிறவர்களுக்காகச் செய்தது. நாங்களும் முதலில் ஒன்று வாங்கினோம். அதிலிருந்த குட்டி சாஸ் பாத்திரத்தில் டீ போட்டோம், மற்றவை ஒரு வருடம் சும்மா ஊர் சுற்றின.

ஆனால் அந்த செட்டிலிருந்து கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. கழற்றி மாட்டும் கைப்பிடி. கேரவன் அலமாரியில் இடத்தைத் தின்பது பாத்திரம் இல்லை, அதன் கைப்பிடியும் மூடியும்தான். 20 சென்டிமீட்டர் வாய் உள்ள ஒரு பாத்திரம் கைப்பிடியோடு கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் நீளத்தை அடைத்துக்கொள்ளும். மூடியின் நடுவே இருக்கும் குமிழ் அதற்கு மேல் எதையும் வைக்கவிடாது. டெஃபால் இன்ஜீனியோ மாதிரி செட்டுகள் இதைத்தான் தீர்க்கின்றன, ஒரே கைப்பிடி எல்லாப் பாத்திரத்துக்கும்.

இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வீட்டுச் சமையலறையில் எந்தப் பாத்திரத்துக்குக் கைப்பிடி இருந்தது? விளிம்பு மட்டும் வைத்த அடுக்குப் பாத்திரங்கள், மூடுவதற்குத் தட்டு, இறக்குவதற்கு ஓர் இடுக்கி. அவ்வளவுதானே. 16, 18, 20 சென்டிமீட்டரில் மூன்று எவர்சில்வர் அடுக்கும் நல்ல பிடிமானமுள்ள இடுக்கியும் இருந்தால் அதுதான் சிறந்த கேம்பிங் செட். அடுக்கின் அடிப்பாகம் தட்டையாக, கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இரண்டு லிட்டருக்கு மேல் கொதிக்கும் குழம்பை ஒற்றை இடுக்கியில் தூக்காதீர்கள். கேரவனில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கும், அங்கேதான் குழந்தையும் நிற்கும்.

சரி, உங்கள் வண்டியில் இப்போது என்னதான் இருக்கிறது?

மூன்று லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குக்கர், அதற்குள் நிற்கும் இரண்டு உள்பாத்திரம். 24 சென்டிமீட்டரில் தட்டையான அடி வைத்த ஆழமான வாணலி ஒன்று. அதே 24 சென்டிமீட்டரில் ஒரு தவா. மேலே சொன்ன மூன்று அடுக்கு. வாணலிக்குப் பொருந்தும் கண்ணாடி மூடி ஒன்று. தோசைத்திருப்பி, ஒரு குழிக்கரண்டி, ஒரு ஜல்லிக்கரண்டி, டீ வடிகட்டி, கத்தி, இடுக்கி. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தராசில் நிறுத்தேன். ஏழு கிலோ சொச்சம். தட்டு, டம்ளர், கிண்ணம் சேர்த்தால் பதினொன்று.

தாளிப்புக் கரண்டி இல்லை. சின்ன அடுக்கில் தாளித்து அதன் மேலேயே ரசத்தை ஊற்றிவிடலாம்.

எடை அவ்வளவு முக்கியமா? கார்தானே இழுக்கிறது?

இங்கே ஒவ்வொரு கேரவனுக்கும் டேர் எடை என்று ஒன்றும் ஏடிஎம் என்று ஒன்றும் தகட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். முதலாவது காலி வண்டியின் எடை. இரண்டாவது சாமானோடு சேர்த்து எந்த நிலையிலும் தாண்டக்கூடாத எடை. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நமக்கு. 2,100 கிலோ டேர், 2,500 கிலோ ஏடிஎம் என்று வையுங்கள். 400 கிலோ கிடைத்தது. "அடேயப்பா" என்று தோன்றும். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினால் 190 கிலோ போயிற்று. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து 36 கிலோ பக்கம். மிச்சம் 174. அதில்தான் போர்வை, துணிமணி, அரிசி பருப்பு, நாற்காலி, சைக்கிள், குழந்தைகள் பொறுக்கிய கல் எல்லாம்.

பாத்திரத்தில் ஐந்து கிலோ குறைத்தால் மலை ஒன்றும் குறைந்துவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடம் முக்கியம். கனமானது எதுவும் மேல் அலமாரிக்குப் போகக்கூடாது. குக்கரும் வாணலியும் தரையோடு ஒட்டிய அறையில், முடிந்தவரை சக்கரத்துக்கு மேலே. வண்டியின் பின்கோடியில் கனத்தைக் குவித்தால் முன்னால் கொக்கியில் இறங்கும் பாரம் குறைந்து, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும்.

குக்கர் வேண்டுமா, வேண்டாமா? எந்த அளவு?

வேண்டும். எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றை எடுத்துப் போ என்றால் நான் குக்கரைத்தான் எடுப்பேன்.

இரண்டு லிட்டர் இருவருக்கு, மூன்று லிட்டர் நால்வருக்கு. அரிசி பருப்பு போட்டால் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்பது தெரிந்ததுதான். மூன்று லிட்டரில் பாதி ஒன்றரை லிட்டர். 200 மில்லி டம்ளரால் இரண்டரை டம்ளர் அரிசியும் ஐந்து டம்ளர் தண்ணீரும் சரியாக அடங்கும். நாலு பேருக்குத் தாராளம். ஐந்து லிட்டர் எடுத்துப் போகிறவர்கள் வெறும் காற்றைச் சுமக்கிறார்கள்.

கேரவனில் குக்கர் இன்னும் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, கேஸ் மிச்சம். இரண்டு கிலோவாட் அடுப்பை முழுத் தீயில் வைத்தால் மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸ் எரியும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு முக்கால் மணி நேரம் வேகும், குக்கரில் பத்து நிமிடத்துக்குப் பிறகு சிம்மில் வைத்தால் போதும். இரண்டாவது, மலை. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். பனி பார்க்கப் போகிற த்ரெட்போ கிராமம் 1,365 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு மட்டும் வேகாது. குக்கருக்கு அந்தக் கவலை இல்லை, மூடிக்குள் 120 டிகிரி வரை ஏறிவிடும்.

உள்மூடியா வெளிமூடியா? ஹாக்கின்ஸ் மாதிரி மூடி உள்ளே நுழைந்து பூட்டும் வகையில், உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடி திறக்காது. அவசரக்காரர்கள் நிறைந்த எங்கள் வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் அந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்க முடியாது, கைப்பிடியும் நீளம். வெளிமூடியில் இரண்டு பக்கமும் குட்டைக் காது வைத்த மாடல் கிடைத்தால் இடம் பாதியாகும். எதை வாங்கினாலும் கேஸ்கட் ஒன்றும் சேஃப்டி வால்வு ஒன்றும் கூடுதலாக எடுத்து வையுங்கள். செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை நல்லார்பர் என்ற வறண்ட சமவெளி வழியில் 1,200 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் கிடைக்கும், மீட் பை (கறி அடைத்த பேஸ்ட்ரி) கிடைக்கும். குக்கர் கேஸ்கட் கிடைக்காது.

அலுமினியமா, ஸ்டீலா, இரும்பா, டைட்டானியமா?

ஒரே அளவுக்கு அலுமினியம் ஸ்டீலின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். சூட்டையும் சீராகப் பரப்பும். ஆனால் புளி பட்டால் சும்மா இருக்காது. வெறும் அலுமினியத்தில் ரசம் வைத்து அப்படியே மூடி வைத்தால் மறுநாள் அதன் வாசனையே சொல்லும். ஹார்ட் அனோடைஸ்டு என்று கறுப்பாக வருகிறதே, அதில் மேலே கெட்டியான ஆக்சைடு படலம் இருப்பதால் புளிக்கு ஓரளவு தாங்கும், எடையும் குறைவு. வாணலிக்கு நான் சொல்வது அதுதான். குக்கருக்கும் அடுக்குக்கும் ஸ்டீல், முக்கியமாக அடியில் அலுமினியத் தகடு வைத்து மூடிய ஸ்டீல். மெல்லிய ஒற்றைத் தகட்டு ஸ்டீலில் உப்புமா கிண்டினால் தீ படும் இடம் மட்டும் வட்டமாகக் கருகும். கேரவன் அடுப்பின் பர்னர் வீட்டு அடுப்பை விடச் சின்னது, அதனால் இது இன்னும் மோசம்.

டைட்டானியம் முதுகில் பை சுமந்து நடக்கிறவர்களுக்கு. வெந்நீர் போட அருமை. வெங்காயம் வதக்க முடியாது, பரவவே பரவாமல் ஒரே இடத்தில் பிடிக்கும்.

இரும்பு வாசனைக்கு ஈடில்லை. ஆனால் கடலோர முகாமில் மூன்று நாள் இருந்தால் எண்ணெய் தடவாத இரும்பு காலையில் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும்.

அப்போ தோசைக்கல்?

இதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மாமியாருக்கு வார்ப்பிரும்புக் கல் இல்லாத தோசை தோசையே இல்லை. பத்து அங்குல வார்ப்பிரும்புக் கல் இரண்டு கிலோவுக்கு மேல். சின்ன பர்னரில் அது முழுக்கச் சூடேறக் கால் மணி நேரம் ஆகும், அப்போதும் ஓரம் வேகாது. ஒரு பயணம் முழுவதும் அதைச் சுமந்துபோய் எட்டே எட்டு தோசை சுட்டோம்.

இப்போது நான் எடுப்பது 24 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் தவா. நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும், அந்தப் புகை நல்லதில்லை. சின்ன அறை, மூடிய ஜன்னல், வெறும் தவாவைத் தீயில் வைத்துவிட்டு மாவு தேடுவது, இது மூன்றும் சேரக்கூடாது. கூண்டில் கிளி வளர்க்கிறவர்கள் அதைக் கேரவனில் கூட்டிப் போனால் நான்ஸ்டிக்கே வேண்டாம், பறவைகளுக்கு அந்தப் புகை உயிரை எடுக்கும்.

வாங்கும்போது இரண்டு அளவு கையில் இருக்கட்டும். அடுப்பில் பர்னருக்குப் பர்னர் உள்ள தூரம், சிங்கின் உள் அகலம். 28 சென்டிமீட்டர் தவாவை வைத்தால் பக்கத்துப் பர்னரில் டீக்குக்கூட இடமிருக்காது, கழுவப் போனால் சிங்குக்குள் இறங்காது.

மடக்கி வைக்கும் சிலிக்கான் பாத்திரம்?

வடிகட்டியாக, காய் கழுவும் தொட்டியாக வாங்கலாம். அடுப்பில் வைக்கும் வகை வேண்டாம் என்பேன். அடி உலோகம், சுவர் சிலிக்கான். தீ கொஞ்சம் வெளியே தாவினால் சுவர் போச்சு. அப்புறம் ஒரு முறை சாம்பார் வைத்தால், அடுத்த ஆறு மாதம் அதில் போடும் காப்பிக்கும் மஞ்சள் நிறமும் பெருங்காய வாசனையும் இலவசம்.

இண்டக்‌ஷன் வைத்துக்கொண்டால் கேஸே வேண்டாமே?

மின் இணைப்பு உள்ள முகாமில் நன்றாக இருக்கும். இங்கே கேரவனுக்குக் கிடைப்பது 15 ஆம்பியர், 230 வோல்ட். ஏறக்குறைய 3,450 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷனும் 2,200 வாட் கெட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால் வெளியே முகாமின் மின்கம்பத்தில் டிரிப் ஆகும். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் அதைத் தூக்கிவிட்டிருக்கிறேன்.

மின்சாரம் இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓட்டலாமா என்பார்கள். 2,000 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். 100 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் மொத்தமே 1,280 வாட்மணிதான் இருக்கிறது, அரை மணி நேரச் சமையலுக்குக் காலி. பல பேட்டரிகள் அந்த இழுவைக்கே அணைந்துவிடும். பெரிய பேட்டரி வரிசையும் சோலாரும் போட்டவர்களுக்கு வேறு கணக்கு.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கடைக்குக் கொண்டு போங்கள். அடியில் இறுக்கமாக ஒட்டினால் இரண்டு அடுப்புக்கும் ஆகும். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் ஆகாது.

மிக்ஸி?

தேங்காய்ச் சட்னியை மறந்துவிடுங்கள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்து அரைத்த சாம்பார்ப்பொடி வீட்டிலேயே செய்து டப்பாவில் போட்டால் மிக்ஸியின் வேலை முடிந்தது. இஞ்சி பூண்டு தட்ட ஒரு குட்டி உரல் கேட்பார் மனைவி. கிரானைட்டில் இரண்டு கிலோ. கனமான டம்ளரின் அடியால் தட்டினாலே நசுங்கும்.

வெளியே சமைக்க பியூட்டேன் கேன் அடுப்பு வாங்கலாமா?

மீன் பொரிக்க, தாளிக்க வெளியே ஓர் அடுப்பு நல்லதுதான். உள்ளே மிளகாய் தாளித்தால் மெத்தை வரை இருமும், புகை அலாரமும் கத்தும். ஆனால் பெட்டி போல மூடித் தூக்கும் அந்த ஒற்றை அடுப்பில் கேன் பக்கத்து அறையிலேயே படுத்திருக்கிறது. பர்னரைத் தாண்டி அதன் மேலும் கவியும் அளவுக்குப் பெரிய தவாவையோ வாணலியையோ வைத்தால் சூடு கீழே திரும்பிக் கேனைச் சுட வைக்கும். கேன் வெடிப்பது இப்படித்தான். நம் ஆட்கள் பெரிய தோசைக்கல்லை வைப்பது அதன் மேல்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குளிருக்கும் அது ஆகாது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும். இங்கே குளிர்காலமான ஜூலையில், பனிமலைப் பக்கத்து ஜிண்டபைனில் காலை ஆறு மணிக்குக் காப்பி போட நினைத்தால் அந்த அடுப்பு வெறுமனே பெருமூச்சு விடும். கேரவன் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், மைனஸ் 42 டிகிரி வரை அதற்குக் குளிர் தெரியாது.

எந்த அடுப்பையும் கேரவனையோ அதன் பக்கவாட்டில் கட்டும் மூடிய கூடாரமான அனெக்ஸையோ சூடேற்றப் பயன்படுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. விக்டோரியாவில் முழுத் தீத்தடை நாளில் விறகு, கரி அடுப்பு மூட்டக்கூடாது. வெளியே கேஸ் பார்பிக்யூ என்றால் சுற்றிலும் மூன்று மீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும், குறைந்தது பத்து லிட்டர் தண்ணீர் அல்லது ஹோஸ் பக்கத்தில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

தெர்மல் குக்கர் பற்றிச் சொல்லுங்கள்.

அரிசியையோ கறியையோ கொதிக்க வைத்து, உள்பாத்திரத்தோடு பிளாஸ்க் மாதிரியான வெளிப்பாத்திரத்தில் இறக்கி மூடிவிட்டால், வண்டி ஓடும் நேரத்தில் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். காலையில் பத்து நிமிடம் கேஸ், மதியம் நிறுத்திய இடத்தில் சூடான சாம்பார் சாதம். நிரம்ப வைத்தால்தான் சூடு நிற்கும், பாதிப் பாத்திரம் சீக்கிரம் ஆறும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம், அதனால் திறந்ததும் ஆவி பறக்கவில்லை என்றால் மறுபடி கொதிக்க வையுங்கள்.

ராஜ்மாவை மட்டும் நேராக இதில் போடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகுதான் அது அடங்கும். கொதி வராத இளஞ்சூட்டில் வேகவைத்தால் வயிறு பதம் பார்க்கப்படும்.

கேரவனில் வேறு எதற்கும் இடமில்லை என்றால் இதை விட்டுவிட்டு குக்கரை எடுங்கள்.

ஓடும்போது பாத்திரம் கடகடக்கிறது. என்ன செய்வது?

தார் ரோட்டில் அது சத்தம் மட்டும்தான். ஊட்னடாட்டா பாதை மாதிரி மண் ரோட்டில் அலை அலையாக வரும் மேடு பள்ளத்தில் அது அரம். முதல் தடவை அங்கே போனபோது அலுமினிய வாணலிக்குள் ஸ்டீல் அடுக்கை அப்படியே வைத்திருந்தோம். மாலையில் அலமாரியைத் திறந்தால் எல்லாவற்றின் மேலும் பென்சில் தூள் மாதிரி கரும்பொடி. விரலில் தடவிப் பார்த்தேன், வழவழவென்று ஒட்டியது. நாள் முழுவதும் ஸ்டீல் விளிம்பு அலுமினியத்தைச் சுரண்டியிருக்கிறது. வாணலிக்குள் வளையமாக ஒரு கோடே விழுந்திருந்தது.

இரண்டு பாத்திரத்துக்கு நடுவே ஒரு பழைய துண்டு. குக்கருக்குள் வெற்றிடம் வைக்காமல் மசாலா டப்பாவையோ துணியையோ திணியுங்கள். குக்கர் வெயிட்டைத் தனியாகக் கழற்றி உள்ளே போடுங்கள், அது எகிறி விழுந்தால் தேடக் கட்டிலைக் கழற்ற வேண்டும்.

கழுவத் தண்ணீர் போதுமா?

சாப்பிட்டதும் தட்டையும் வாணலியையும் டிஷ்யூவால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவினால் நால்வருக்கு ஒரு வேளைக்கு மூன்று லிட்டரில் முடியும். குக்கரில் கீழே பருப்பு, மேலே உள்பாத்திரத்தில் சாதம் என்று வைப்பவர்களுக்கு இதிலும் லாபம். அடிபிடித்த பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீரும் உப்பும் போட்டு மூடிவிட்டு நடக்கப் போங்கள்.

இட்லி?

குக்கருக்குள் நிற்கும் இரண்டடுக்குத் தட்டு இருந்தால் வெயிட் போடாமல் வேகவைக்கலாம், ஒரு ஈட்டுக்கு எட்டு இட்லி. பாத்திரம் பிரச்சினை இல்லை, மாவுதான். மில்ட்யூராவுக்கு 38 டிகிரி வெயிலில் போன அன்று மாவு டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்காமல் சிங்குக்கு அடியில் வைத்திருந்தேன். ஆறு மணி நேரம் குலுக்கலும் வெயிலும். மூடி எப்போது திறந்தது என்று தெரியாது. இன்றும் மழை நாளில் அந்த அலமாரியைத் திறந்தால் லேசாகப் புளித்த வாசனை வரும்.

இடுக்கி தொலைந்துவிட்டால்?

இரண்டு வாங்குங்கள். ஒன்று கரண்டியோடு, ஒன்று கார் டிக்கியில். எங்களுடைய முதல் இடுக்கி வில்பெனா பவுண்ட் முகாமில் ஒரு மரக்கட்டை மேல் வைத்தது, அநேகமாக இன்னும் அங்கேயே இருக்கும். அன்றிரவு குழம்பை இறக்கியது என் இரண்டு காலுறைகளை வைத்து. துவைத்ததுதான்.